உண்டியல் பணம்: கல்யாண மண்டபத்துக்கா, விளக்கெரியாத கோயிலுக்கா?

கொடிக்கம்பம்:
ஐந்து கோயில்களின் நிதியில் கல்யாண மண்டபம் கட்டத் தமிழக அரசு போட்ட ஆணைகளை 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுக்க உச்ச நீதிமன்றமும் செப்டம்பரில் மறுத்துவிட்டது. 27 கோயில்களில் 80 கோடி ரூபாயில் மண்டபங்கள் என்று சட்டமன்றத்தில் அறிவித்த திட்டத்தை ஒட்டி வந்த ஆணைகள் இவை.

பணக்காரக் கோயில்களின் காணிக்கையை எதற்குச் செலவிடலாம் என்பதை இதை வைத்தே பேசிவிடலாம். என் வாதம்: முதலில் அந்தக் கோயிலின் பூஜை, திருவிழா, ஊழியர் சம்பளம், பழுது. மிஞ்சினால் வருமானமே இல்லாத மற்ற கோயில்கள். அதற்கும் மேல் மிஞ்சினால்தான் வேறு பேச்சு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகளோடு கொடுத்த தீர்ப்பிலும் இதே வரிசைதான் இருக்கிறது. மண்டபம், கல்லூரி எல்லாம் அரசு தன் காசில் கட்டட்டும்.

தெற்குவீதி:
கோயில் என்றால் பூஜை மட்டும்தான் என்பது சமீபத்திய கண்டுபிடிப்பு. எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல் அளந்ததைச் சொல்கிறது. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்தில் 15 படுக்கையோடு ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. மருத்துவர், சத்திரசிகிச்சை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் வரை கல்லில் வெட்டியிருக்கிறது. பழநி கோயில் 1960களிலிருந்து கல்லூரி நடத்துகிறது, குற்றாலநாதர் கோயில் பெண்கள் கல்லூரி நடத்துகிறது. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். அதையும் தப்பு என்பீர்களா?

1959 இந்து சமய அறநிலையச் சட்டம் பிரிவு 66-ஐயும் ஒருமுறை படியுங்கள். ஏழைக் கோயில்களுக்கு உதவி, அர்ச்சகர், ஓதுவார் பயிற்சி, இந்து சமயக் கல்விக்கு இடமுள்ள கல்லூரி, அநாதை இல்லம், பக்தர்களுக்கு மருத்துவமனை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 36-அ ஏழைகள் கல்யாணத்துக்கு, 36-ஆ ஏழைகளுக்கு உணவிட. சட்டமே அனுமதித்ததை நீங்கள் ஏன் சுருக்குகிறீர்கள்?

பேரேடு:
இரண்டு பேருமே "மிஞ்சினால்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். சண்டையே அந்தச் சொல்லில்தான்.

பிரிவு 36 உபரியைத்தான் பிரிவு 66 காரியங்களுக்கு எடுக்க விடுகிறது. உபரி என்றால் வங்கியில் கிடக்கும் தொகை அல்ல. வரவுசெலவுத் திட்டத்தில் தித்தப்படி (கோயிலின் நித்தியச் செலவுக்கு எழுதிவைத்த அளவுப்படி) பூஜைச் செலவு, சம்பளம், பழுதுபார்ப்பு, கைவசம் வேண்டிய தொகை, கையிருப்பு நிதி எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பிறகு நிற்பதுதான் உபரி. அதை எடுக்க அறங்காவலர் முன்வர வேண்டும், அறநிலையத் துறை ஆணையர் ஒப்புதல் வேண்டும், ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும்.

பெரிய கோயிலின் 100 ரூபாய் வருமானத்தில் நிர்வாகப் பங்களிப்பாக 12, தணிக்கைக் கட்டணமாக 4 என்று முதலிலேயே 16 ரூபாய் துறைக்குப் போகும். பிறகு சம்பளம், மின்சாரம். பல இடங்களில் தித்தம் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதியது. படித்தரத்தில், அதாவது பூஜைப் பொருள் அளவில், நாள் ஒன்றுக்கு இரண்டு படி அரிசி என்று இருக்கும். ஆனால் அதற்கான தொகை பழைய விலையிலேயே நிற்கும். மடப்பள்ளியில் ஒரு படி வேகும், ஏட்டில் "உபரி" வரும். தித்தத்தைத் திருத்தாமல் காட்டும் உபரி பொய் உபரி. அதை எடுத்து மண்டபம் கட்டினாலும் தப்பு, ஏழைக் கோயிலுக்குக் கொடுத்தாலும் அதே தப்புதான்.

கொடிக்கம்பம்:
ஏற்கிறேன். தெற்குவீதி சாருக்கு ஒன்று: எண்ணாயிரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் கொடுத்தது நிவந்தம். இந்த ஊர் வருவாயில் இத்தனை கலம் இதற்கு என்று தனியாக எழுதிக் கொடுத்த நிலம். நந்தா (அணையா) விளக்குக்கு விட்ட ஆட்டுப் பாலில் ஆதுலர்சாலை நடக்கவில்லை. கல்லூரிக்கு என்று இன்று ஒருவர் தனி நன்கொடை கொடுத்தால் அதில் கல்லூரி நடத்துங்கள், யார் தடுத்தது? மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு போட்ட காசு வேறு.

தெற்குவீதி:
உண்டியலில் போட்டவர் "இதற்கு மட்டும்" என்று சீட்டு எழுதிப் போடவில்லையே. பெயரில்லாக் காணிக்கைக்கு நோக்கத்தை நீங்களே ஊகித்து எழுதுகிறீர்கள்.

பேரேடு:
ஊகம் வேண்டாம், அதற்கு நீதிமன்றங்கள் பதில் சொல்லிவிட்டன. தெய்வம் சட்டப்படி ஒரு நபர், அதுவும் என்றும் மைனர். பணம் அந்த மைனருடையது, நிர்வாகி கார்டியன். குருவாயூர் தேவஸ்வம் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு இரண்டு தவணையாகக் கொடுத்த 10 கோடி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 2020 டிசம்பரில் சொன்னது இந்த அடிப்படையில்தான். வெள்ளத்துக்கும் கொரோனாவுக்கும் கொடுத்த பணம், நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கார்டியனுக்கு அந்த அதிகாரம் இல்லை. இங்கேயும் 2020 ஏப்ரலில் 47 கோயில்கள் 10 கோடி தர வேண்டும் என்று போன சுற்றறிக்கை, வழக்கு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது.

நந்திப்பார்வை:
16 ரூபாய் பிடித்துக்கொண்டு, கார்டியனையும் தானே நியமித்து, ஒப்புதலும் தானே கொடுக்கும் துறையிடம் உபரிக் கணக்கு கேட்கிறீர்கள். அறங்காவலர் குழு இல்லாத கோயிலில் தக்கார் என்று ஒரு அதிகாரி உட்காருவார். அவர் தீர்மானம் போடுவார், அவருடைய மேலதிகாரி ஒப்புதல் தருவார். ஒரே வீட்டில் அண்ணன் கடன் கேட்டுத் தம்பி ஜாமீன் போடுகிற கதை. துறை வெளியேறட்டும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

பேரேடு:
தக்கார் பற்றிய புகார் நியாயம். "தானாகச் சரியாகும்" என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. தர்மகர்த்தாக்கள் குத்தகையைத் தங்கள் ஆட்களுக்கே எழுதிக்கொண்டார்கள் என்ற புகார்களிலிருந்துதான் 1920களில் அறநிலையச் சட்டமே வந்தது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் இந்த இழை அங்கேயே சிக்கி நின்றுவிடும்.

தெற்குவீதி:
மண்டபத்துக்கு வருவோம். வடபழநியிலோ திருத்தணியிலோ ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். ஒரே பிராகாரத்தில் அடுத்தடுத்துத் தாலி கட்டுகிறார்கள், மணமக்கள் வரிசையில் நிற்கிறார்கள், சாப்பாட்டுக்குத் தனியார் மண்டபத்துக்கு ஓட வேண்டும். அங்கே ஒரு நாள் வாடகையே லட்சத்தைத் தொடுகிறது. கோயில் மண்டபம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஏழைக்கும் பயன், கோயிலுக்கும் நிரந்தர வருமானம். இதில் நஷ்டம் யாருக்கு?

பேரேடு:
கணக்குப் போடலாம். 80 கோடியை 27-ஆல் வகுத்தால் ஒரு மண்டபம் சுமார் 2.96 கோடி. ஆடி, மார்கழி போகும், தேய்பிறையைப் பலர் ஒதுக்குவார்கள். ஆண்டுக்கு 60 நாள் நிரம்பினால் நல்ல மண்டபம். நாளைக்கு 30,000 வாடகை என்றால் 18 லட்சம். காவலாளி இருவர், துப்புரவு, மின்சாரம், தண்ணீர், ஜெனரேட்டர், வெள்ளையடிப்பு என்று 7 லட்சமாவது போகும். நிற்பது 11 லட்சம், முதலுக்கு 3.7 சதவீதம். அதே 2.96 கோடி ஆறரை சதவீத வைப்பில் இருந்தால் 19 லட்சத்துக்கு மேல் வரும், கட்டடத் தேய்மானமும் இல்லை.

வாடகையைக் கூட்டினால் வணிகம் என்று நீதிமன்றம் சொல்லும். குறைத்தால் கோயிலுக்கு நஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாடகையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தெற்குவீதி:
எல்லாவற்றையும் வட்டியில் அளந்தால் அன்னதானமும் நஷ்டம்தான் சார். 36-அ ஏழைகள் திருமணத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அதற்கு இடம் வேண்டாமா?

கொடிக்கம்பம்:
36-அ திருமணம் நடத்தத்தான் சொல்கிறது: தாலி, சேலை வேட்டி, சாப்பாடு. அதற்கு இருக்கிற மண்டபமே போதும். ஆண்டில் 300 நாள் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

சரி, அந்த 80 கோடி வேறு என்ன செய்யும் என்று பாருங்கள். துறையின் கீழ் 36,000-க்கும் மேற்பட்ட கோயில்கள். மிகப் பெரும்பாலானவை ஆண்டுக்கு 10,000 ரூபாய்கூட வருமானம் இல்லாத, சட்டத்தின் 49(1) பிரிவுக் கோயில்கள். 10 லட்சத்துக்கு மேல் வருகிற 46(3) கோயில்கள் சில நூறுதான். அந்தச் சில நூறைப் பற்றித்தான் நாமும் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒருகால பூஜைத் திட்டத்தில் கோயிலுக்கு 1 லட்சமாக இருந்த வைப்பு நிதியை 2 லட்சமாக்கினார்கள். அப்போது திட்டத்தில் இருந்தவை 12,959 கோயில்கள். 2 லட்சத்துக்கு ஆறரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 13,000, மாதம் 1,083. இரண்டரை லட்சம் என்று வைத்தாலும் 1,354-ஐத் தாண்டாது.

ஒரு வேளை பூஜைக்கு மாதம் என்ன வேண்டும்? உத்தேச விலையில்: நைவேத்தியத்துக்கு நாள் அரைக் கிலோ பச்சரிசி, மாதம் 15 கிலோ, 750 ரூபாய். நல்லெண்ணெய் நாள் 50 மில்லி, ஒன்றரை லிட்டர், 525. பூ நாள் 20 ரூபாய், 600. அபிஷேகப் பால் கால் லிட்டர், 375. கற்பூரம், திரி, விபூதி, சந்தனம் 350. மின்சாரம், துப்புரவு 400. மொத்தம் 3,000, அதுவும் சிக்கனமாக. அர்ச்சகருக்குத் துறை தரும் ஊக்கத்தொகையை விட்டுவிட்டு மாதம் 3,000 சம்பளம் வைத்தால் 6,000. இதற்கு வேண்டிய வைப்பு 11 லட்சம்.

80 கோடியை 11 லட்சத்தால் வகுத்தால் 727. இருபத்தேழு மண்டபம், அல்லது 727 கோயிலில் தினம் விளக்கு.

தெற்குவீதி:
இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. இன்றைய 6,000 பத்து வருஷத்தில் என்ன ஆகும்? எண்ணெய் விலை ஏறும், வட்டி ஏறாது. இன்னொரு "1 லட்சம் போதாது, 2 லட்சம் போதாது" வரும். நீங்கள் 727 கோயிலுக்கு அல்ல, பத்து வருஷத்துக்கு மட்டும் விளக்கேற்றுகிறீர்கள்.

பேரேடு:
இது சரியான அடி. பழைய கட்டளைகள் எல்லாம் இப்படித்தான் செத்தன. ஆண்டுக்கொரு நாள் அபிஷேகத்துக்கு என்று ஒருவர் அன்றைக்கு 1,000 ரூபாய் கட்டளை வைத்திருப்பார். இன்று அதன் வட்டி 65 ரூபாய். அந்த 65-க்கு ஒரு முழம் பூவும் ஒரு தேங்காயும் வாங்கலாம், அபிஷேகம் நடக்காது. கட்டளைப் பணத்தை வேறு எதற்கும் எடுக்கவும் கூடாது. பதிவேட்டில் கட்டளை உயிரோடு இருக்கும், சந்நிதியில் இருக்காது.

சோழர் காலத்தில் இதை ஆட்டை வைத்துத் தீர்த்தார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, தினம் உழக்கு நெய். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு சொல்வது, செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டி சேர்ந்து மந்தை என்றும் 96 ஆகவே நிற்க வேண்டும் என்பதால். மூலதனம் ஆடாகவும் வட்டி நெய்யாகவும் இருந்ததால் விலைவாசி அதைத் தொடவில்லை. நாம் முதலையும் ரூபாயில் வைத்து வட்டியையும் ரூபாயில் வாங்கி, வட்டி முழுவதையும் அந்த ஆண்டே செலவழித்துவிடுகிறோம். குட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டால் மந்தை எப்படி நிற்கும்?

ஆகவே வட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் கொடிக்கம்பம் சொல்லும் 11 லட்சம் போதாது, பதினாறரை லட்சம் வேண்டும். 727 கோயில் சுமார் 485 ஆகக் குறையும். அதுதான் ஒழுங்கான எண்.

கொடிக்கம்பம்:
485 என்றே வைத்துக்கொள்கிறேன். 27-ஐ விட அது இன்னும் பெரிய எண்தான்.

நந்திப்பார்வை:
மூலதனம் ஆடாக இருக்க வேண்டும் என்றால் தங்கமும் ஆடுதானே? கோயில் நகைகளை ஏன் உருக்கினார்கள்?

பேரேடு:
உருக்கியதால் தங்கம் போய்விடவில்லை. 21 கோயில்களின் 1,074 கிலோ பலமாற்று (பல தரத்து) பொன் இனங்களை மும்பை அரசு ஆலையில் உருக்கி ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்ததில் ஆண்டுக்கு 17.81 கோடி வட்டி வருவதாக 2025-இல் அரசு அறிவித்தது. அதில் 424 கிலோ சமயபுரம் மாரியம்மனுடையது, ஐந்தில் இரண்டு பங்கு.

நடைமுறை இது: ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மண்டலத்துக்கு ஒரு குழு. சுவாமிக்குச் சாத்த உதவும் நகை, பழமையான நகை தனியே எடுக்கப்படும். மிச்சம், அதாவது பொட்டுத் தாலி, உருவத் தகடு, அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு போன்ற பயன்படுத்த முடியாதவை, இதற்குப் போகும். கல், அரக்கு, அழுக்கு நீக்கி நிகர எடை போட வேண்டும். தகராறு வருவது இந்த இடத்தில்தான். உள்ளே அரக்கு நிரப்பிய நகையின் மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் இடைவெளி பெரிது. மொத்த எடை மட்டும் பதிவேட்டில் இருந்தால் பிற்பாடு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. நீக்கிய கல்லையும் அரக்கையும் தனித்தனியே எடை போட்டு முத்திரை வைக்க வேண்டும். உருக்கிய பிறகு கிடைக்கும் சுத்தத் தங்கத்தின் எடை மூன்றாவது எண். இந்த மூன்று எண்களும் ஒரே வரியில் கோயில் பலகையில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நந்திப்பார்வை:
17.81 கோடியைக் கிராமுக்கு வகுத்தால் 166 ரூபாய். தங்கம் விற்கிற விலைக்கு இது ஒரு வட்டியா?

பேரேடு:
மத்திய அரசின் அந்தத் தங்க வைப்புத் திட்டத்தில் நடுத்தர கால வைப்புக்கு 2.25, நீண்ட காலத்துக்கு 2.5 சதவீதம். அதுவும் வைப்பு வைத்த நாள் மதிப்பில்தான் வட்டி. தங்கம் இரட்டித்தாலும் வட்டி அதேதான். பெட்டகத்தில் சும்மா கிடந்தால் அதுவும் இல்லை, காவல் செலவு வேறு. மூலதனம் எடையில் நிற்பதால் ஆடு 96 ஆகவே இருக்கிறது, நெய்தான் குறைவு. ஒன்றைப் பார்க்க வேண்டும்: முதிர்வில் பொன்னாகவே திருப்பி வாங்கும் நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா. மேலும், நடுத்தர, நீண்ட கால வைப்பை மத்திய அரசு 2025 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. இருக்கிறவை முதிரும் வரை ஓடும். முதிர்ந்த பின் என்ன என்பதற்கு இப்போதே தீர்மானம் வேண்டும்.

உளிச்சத்தம்:
வட்டிக் கணக்கு நன்றாகப் போகிறது. ஆனால் கோயில் கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காணிக்கைப் பற்றாக்குறை இல்லை, காணிக்கை மிகுதிதான். ஏழைக் கோயில் இடிந்து அழிகிறது, பணக்காரக் கோயில் திருப்பணியில் அழிகிறது.

உபயதாரர் என்ன கொடுக்க விரும்புவார்? கிரானைட் தரை, எவர்சில்வர் தடுப்புக் கம்பி, வளைவு, எனாமல் பெயின்ட். பெயர் வெட்டலாம். மழைநீர் வடிகாலுக்கு உபயம் கேட்டால் ஒருவரும் வரமாட்டார், வடிகாலில் பெயர் எங்கே போடுவது? ஆனால் எல்லாம் அந்த வடிகாலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய தரையைப் பெயர்க்காமல் மேலே கலவையும் பலகையும் போட்டால் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். மூன்று கும்பாபிஷேகத்தில் அரையடிக்கு மேல். அதிஷ்டானத்தின் (அடித்தளத்தின்) கீழ் வரிக் கல்வெட்டு மண்ணுக்குள் போகும், வெளியே ஓட வேண்டிய தண்ணீர் அர்த்தமண்டபத்துக்குள் வரும்.

அடுத்தது கூரை. மேலே பதித்த தட்டோடு வெடித்து நீர் இறங்கினால் மேலே சிமென்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுதை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே தேங்கிய ஈரம் உப்பாகக் கல்லை உரிக்கும். விமானத்தில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட்டு மேலே பூசுவதும் அப்படித்தான். வேர் இணைப்புக்குள் இருக்கும், அடுத்த மழைக்கு இரண்டாக முளைக்கும். இணைப்பைத் திறந்து வேரைக் கருக்கி, சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் நடப்பதில்லை. நாள் குறித்துவிட்டுத் திருப்பணி தொடங்குவதால் நடக்கிறது. சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரம் ஊற வைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்க வேண்டும். பூசிய பின் நாள் கணக்கில் ஈரம் காக்க வேண்டும். தேதிக்கு 60 நாள் இருக்கும்போது ஒப்பந்ததாரர் சுண்ணாம்பைத் தொடமாட்டார். சிமென்ட், அதன்மேல் பெயின்ட், யாகசாலை, முடிந்தது. கல்லைச் "சுத்தம்" செய்ய மணல்வீச்சு வைத்தால் தூணின் தோல் போய் எழுத்து மழுங்கும். தடை இருந்தும் அவசரத்தில் நடக்கிறது.

காணிக்கைக்கு நான் சொல்லும் வரிசை: வடிகால், தட்டோடு, செடி, சுதை, கடைசியில் வண்ணம். இந்த ஐந்தும் முடிந்த பிறகு நாள் பார்க்கலாம்.

தெற்குவீதி:
அஷ்டபந்தனத்தை விட்டுவிட்டீர்களே. கும்பாபிஷேகத்தின் காரணமே அதுதான்.

உளிச்சத்தம்:
உண்மை. கும்பாபிஷேகத்துக்குச் சொல்லும் 12 ஆண்டு என்பது பீடத்துக்கும் மூர்த்திக்கும் இடையே உள்ள மருந்தின் ஆயுளை ஒட்டியதுதான். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டு. இடித்து இளக்கி, சூட்டோடு திரித்து வைக்க வேண்டும். வெண்ணெய் குறைந்தால் விரிசல் விடும், அபிஷேக நீர் பீடத்துக்குள் இறங்கும். சின்னக் கோயிலுக்கு இதன் செலவு, ஒரு பெரிய கோயிலின் வரவேற்பு வளைவுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உங்கள் 485 கோயிலிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், விளக்கு அப்புறம்.

மடப்பள்ளி:
அன்னதானத்தில் உள்ள சிக்கலும் இதே ஜாதிதான். ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது, அங்கே பணப்பிரச்சினை இல்லை. நடுத்தரக் கோயிலில்தான். 100 பேருக்குச் சாப்பாட்டு அரிசி 12-லிருந்து 13 கிலோ, துவரம்பருப்பு இரண்டரைக் கிலோ, காய் 10 கிலோ, தயிர் 5 லிட்டர் மோராக. இந்த அளவு மாறாது. மாறுவது கொடுப்பவர் நாள். அமாவாசைக்கும் பிறந்தநாளுக்கும் புரட்டாசி சனிக்கிழமைக்கும் ஆறு உபயதாரர் வரிசையில் நிற்பார்கள். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஆளிருக்காது. நாள் எழுதி வாங்கும் நன்கொடையை அந்த நாளுக்கே செலவழிக்க வேண்டும் என்பதால் ஒரு நாள் வடை பாயசம், மறுநாள் டோக்கன் பாதி. ரசீதில் "உபய நாளில் 100 பேர் போக மீதம் பொது அன்னதான நிதிக்கு" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். பலரும் மறுக்கமாட்டார்கள்.

நந்திப்பார்வை:
திருமலையில் 10,000 ரூபாய் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் விஐபி தரிசன டிக்கெட் எடுக்கும் தகுதி. அந்தப் பணத்தில் பின்தங்கிய ஊர்களில் கோயில் கட்டுகிறார்கள். அதை நன்கொடை என்பீர்களா, டிக்கெட் விலை என்பீர்களா?

கொடிக்கம்பம்:
டிக்கெட் விலைதான். ஆனால் போகிற இடம் ஊர்க் கோயில். வசூலிக்கும் விதத்தில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு, செலவிடும் விதத்தில் இல்லை.

தெற்குவீதி:
கல்லூரி விஷயத்துக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பேரேடு:
சொல்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசு மானியத்தில் வரும். கோயில் இடமும் கட்டடமும் தரும், பெயர் கோயிலுக்கு. 2021-இல் கொளத்தூர் உட்பட நான்கு இடங்களில் தொடங்கியவை சுயநிதி. சம்பளம் ஒவ்வொரு மாதமும் கோயில் நிதியிலிருந்து, முடிவே இல்லாமல். கட்டடம் ஒருமுறைச் செலவு, சம்பளம் நிரந்தரச் செலவு. அதை உபரியிலிருந்து எடுத்தால், வருமானம் குறைந்த ஆண்டில் கல்லூரியை மூடுவீர்களா, கோயில் திருவிழாவைச் சுருக்குவீர்களா? கொளத்தூர்க் கல்லூரி மயிலாப்பூர் கபாலீசுவரர் நிதியில் நடப்பது இன்னொரு கேள்வி. புதிய கல்லூரிகளை அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது, இருக்கிறவற்றில் சமயப் பாடம் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டதும் இதையொட்டித்தான்.

கோயில் கட்டடம் தரட்டும், சம்பளத்தை அரசு ஏற்கட்டும் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை.

தெற்குவீதி:
அதுவரை ஒப்புக்கொண்டால் போதும், பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இப்போது உங்கள் 485 கோயிலுக்கு வருகிறேன். பணம் வைத்துவிட்டீர்கள். அர்ச்சகர் எங்கே? மாதம் 3,000-க்கு எந்த ஊரில் ஒருவர் தினமும் வந்து கதவைத் திறப்பார்? இன்றே ஒருவர் டூ-வீலரில் நாலைந்து ஊர்க் கோயிலைப் பார்க்கிறார். காலை பூஜை சில இடத்தில் பதினொரு மணிக்கு நடக்கிறது. எண்ணெய் வாங்கக் காசு இருந்து ஏற்ற ஆளில்லை என்றால் வைப்பு நிதி வங்கிக்குத்தான் லாபம்.

கொடிக்கம்பம்:
தனித்தனியாகப் பார்த்தால் ஆள் வரமாட்டார். ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மூன்று கோயிலை ஒரு தொகுப்பாக்குங்கள். மூன்று 3,000, ஆக 9,000, அதோடு துறையின் ஊக்கத்தொகை. தட்டுக் காசு வேறு. காலை 6, 7, 8 என்று நேரத்தைப் பலகையில் எழுதிவிடுங்கள். அர்ச்சகர் பயிற்சிக்குச் செலவிடுவது பிரிவு 66-இலேயே இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் சேரும்போதே "இந்தத் தொகுப்பு உனக்கு" என்று சொன்னால் முடித்தவர் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.

மடப்பள்ளி:
மூன்று கோயிலுக்கும் நைவேத்தியம் அவரே வடிக்க வேண்டும் என்றால் 6, 7, 8 நடக்காது. அரைக் கிலோ அரிசி வேக, இறக்க, நைவேத்தியம் ஆக முக்கால் மணி நேரம். ஊரில் ஒருவரை மடப்பள்ளிக்கு வைத்து மாதம் 1,000 கொடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது கோயிலில் கல்கண்டும் வாழைப்பழமும்தான்.

பேரேடு:
அந்த 1,000-ஐயும் சேர்த்தால் கோயிலுக்கு மாதம் 7,000. வட்டியில் மூன்றில் ஒரு பங்கு முதலோடு சேர, வைப்பு சுமார் 19.4 லட்சம். 80 கோடிக்கு 412 கோயில்.

தெற்குவீதி:
727-இல் தொடங்கி 412-க்கு வந்துவிட்டோம். இன்னும் அஷ்டபந்தனம் பாக்கி.